தலை கொடுக்கப் போன பாதை

பாங்கர்: இடப்பக்கம் கடல்

பாங்கரிலிருந்து கிழக்கே செஸ்டர் நோக்கிப் போகும் ரயிலில் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் கடல் கூடவே வரத் தொடங்கும். அதற்கப்பால் ஆங்கிள்சி தீவு நீண்டு கிடக்கும். வலப்பக்கம் பென்மைன்மாரின் கருங்கல் மலைகள் தண்டவாளத்தை ஒட்டி எழுந்து நிற்கின்றன. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில்தான் சாலை, ரயில், ஊர் எல்லாம். டிசம்பர் கடைசி. பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது.

'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்ற கவிதையின் நாயகன் இந்தக் கரையோரமாகத்தான் குதிரையில் போகிறான், ஆங்கிள்சி தீவுகளை இடக்கைப் பக்கமாக விட்டுவிட்டு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட 2,530 வரிக் கவிதை அது. அவன் போன வழியில் நானும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

ஆர்தர் மன்னனின் அவையில் புத்தாண்டு விருந்து நடக்கிறது. உடம்பு, உடை, தாடி, ஏறிவந்த குதிரை எல்லாமே பச்சையாக ஒருவன் உள்ளே நுழைகிறான். ஒரு கையில் ஹாலி மரக்கிளை, மறு கையில் கோடரி. யார் வேண்டுமானாலும் அந்தக் கோடரியால் தன்னை ஒரு வெட்டு வெட்டலாம். ஓராண்டும் ஒரு நாளும் கழித்து அதே வெட்டைத் தன்னிடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறான். அவை வாயடைத்துப் போகிறது. மன்னனே எழ வேண்டிய நிலை வந்தபோது கவெய்ன் முன்வருகிறான். இங்கிருப்பவர்களில் பலம் குறைந்தவன் நான், என் உயிர் போனால் இழப்பும் குறைவு என்கிறான். ஒரே வெட்டில் பச்சை வீரனின் தலை தரையில் உருள்கிறது. உடல் நடந்து போய்த் தலையை எடுக்கிறது. கையில் பிடித்த தலை கண் திறந்து பேசுகிறது: அடுத்த புத்தாண்டுக் காலை, பச்சைச் சிற்றாலயத்தில் சந்திப்போம்.

இந்தக் கதைக்கு மூத்த உறவு கடலுக்கு அப்பால் அயர்லாந்தில் இருக்கிறது. அங்கே கூஹுலின் என்ற மாவீரன் இதே ஒப்பந்தத்தில் தலையை நீட்டுகிறான். அவன் காத்திருப்பது ஓர் இரவு மட்டும். கவெய்னுக்கு ஓராண்டு. நோன்புக்காலம் முடிகிறது, வசந்தத்தில் பறவைகள் கூவுகின்றன, கோடைக் காற்று வீசுகிறது, அறுப்புக்குப் பின் இலைகள் உதிர்கின்றன. சாவுக்கு நாள் குறிக்கப்பட்ட இளைஞனுக்கு அந்த ஆண்டின் ஒவ்வொரு பருவமும் கணக்கில் கழிகிறது. நவம்பரில் சகல புனிதர் திருநாள் விருந்தை முடித்துக்கொண்டு அவன் புறப்படுகிறான்.

எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் பெத்தெஸ்தா ஸ்லேட் குவாரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் மனைவியிடம் வெல்ஷ் மொழியிலேயே பேசினார். என் பயணத்தைக் கேட்டதும் பையிலிருந்து வெண்ணெய் தடவிய பாரா ப்ரித் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். உலர் திராட்சையைத் தேநீரில் ஊறவைத்துச் செய்யும் ரொட்டி. கவெய்ன் வழியில் பாம்புகளோடும் ஓநாய்களோடும் காட்டு மனிதர்களோடும் சண்டையிட்டான், ஆனால் எல்லாவற்றையும்விடக் குளிர்தான் அவனை வதைத்தது, ஆலங்கட்டியும் பனிமழையும் கொட்டக் கவசத்தோடு பாறைகளில் படுத்துறங்கினான் என்று கவிதை சொல்வதை அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி தலையசைத்தார். "சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். எதிரியோடு சண்டை போடலாம். ஈரத்தோடு யார் சண்டை போடுவது?"

ஹோலிவெல்: கழுத்தில் ஒரு தழும்பு

கவிதையில் கவெய்ன் கடக்கும் இடங்களில் ஒன்றின் பெயரை ஆய்வாளர் சிலர் ஹோலிவெல் ஊரோடு பொருத்துகிறார்கள். அந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம் அந்த ஊரின் கதை.

7ஆம் நூற்றாண்டில் வினிஃப்ரெட் என்ற இளம்பெண் கரடோக் என்பவனின் ஆசைக்கு இணங்க மறுத்ததால், அவன் அவள் தலையை வெட்டினான். தலை விழுந்த இடத்தில் ஊற்று பீறிட்டது. புனித பியூனோ தலையை எடுத்து உடலோடு பொருத்த, அவள் உயிர்பெற்று எழுந்து நெடுங்காலம் துறவியாக வாழ்ந்தாள். கழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தழும்பு மட்டும் எஞ்சியது என்கிறது மரபு. ஊற்றின் மேல் இன்று நிற்கும் கல்மண்டபம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தது. நட்சத்திர வடிவத் தொட்டியில் பச்சை ஓடிய நீர் அடியிலிருந்து கொப்பளிக்கிறது. குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் பக்கத்துக் காட்சியகத்தில் இருக்கின்றன. மதச் சீர்திருத்தம் வந்து நாடெங்கும் புண்ணியத் தலங்களை இடித்த காலத்திலும் இங்கே மக்கள் வருவது நிற்கவில்லை. 1686இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸும் வந்திருக்கிறார்.

குளத்தருகே ஒரு குடும்பம் நின்றிருந்தது. குழந்தையின் நெற்றியில் நீரைத் தொட்டு வைத்த பெண் என்னைப் பார்த்ததும், "தமிழ்நாடா அண்ணா?" என்றார். மலையாளி. கோவையில் நர்சிங் படித்தவர். லிவர்பூலில், இனி சிகிச்சை பலிக்காது என்று சொல்லப்பட்டவர்களைப் பராமரிக்கும் விடுதியில் வேலை. நான் எதைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"சிஸ்டர், நாள் தெரிஞ்சவங்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"வேலைக்குச் சேர்ந்தப்போ, எல்லாரும் சாமியைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பாங்கன்னு நெனைச்சேன் அண்ணா. அப்படி இல்லை. ஒரு தாத்தா முடி வெட்டிவிடச் சொன்னார். ஒரு அம்மா, வீட்டு ரோஜாச் செடிக்கு யார் தண்ணி ஊத்துறாங்கன்னு தினம் கேப்பாங்க. பயம் இருக்கும், ராத்திரியில கையைப் பிடிச்சுக்குவாங்க. ஆனா காலையில காபி சூடா இல்லைன்னா கோபம் வரும். நமக்கு இருக்கிற மாதிரிதான். கொஞ்சம் கூடுதலா."

கவெய்னைப் பற்றி நான் படித்த விளக்கங்கள் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவைத் தந்ததில்லை. அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீரில் மூன்று முறை கடந்து போவது இங்கே வழக்கம் என்றார். நான் முழங்கை வரை நனைத்தேன். குளிர் எலும்பைத் தொட்டது.

ஷாட்விக், பார்க்கேட்: ஓத அட்டவணை

வேல்ஸிலிருந்து டீ நதியின் முகத்துவாரத்தைக் கடந்தால் விர்ரல் தீபகற்பம். கடவுளையோ நல்ல மனிதரையோ நேசிப்பவர்கள் அங்கே குறைவு என்று கவிஞர் எழுதியிருக்கிறார். அன்று அது செஸ்டர் பிரபுக்களின் வேட்டைக்காட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட நிலம், கள்வர்களுக்குப் பேர்போனது. 1376இல் அரச ஆணை அந்தக் காட்டுச் சட்டத்தை நீக்கியது. கவிஞரின் முதல் வாசகர்களுக்கு அது நேற்று நடந்த செய்தி.

நதியை நடந்து கடக்கும் பழைய துறைகளில் ஒன்று ஷாட்விக்கில் இருந்தது. இன்று நதி ஒதுங்கிப் போய்விட்டது. சிவப்பு மணற்கல் தேவாலயம் ஒன்றும் சில வீடுகளும் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. ஆலய வாசலின் கல்லில் விரல் புதையும் ஆழத்துக்கு நெடுக்குக் கோடுகள். வில்லாளிகள் அம்பு முனைகளைத் தீட்டிய தடம் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அவற்றில் விரலை ஓட்டிப் பார்த்தேன். கவெய்ன் பச்சைச் சிற்றாலயத்தை அடைந்ததும் காதில் விழுவது, சாணைக்கல்லில் கோடரி தீட்டும் ஓசைதான்.

வடக்கே பார்க்கேட். 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம். நதியில் வண்டல் படிந்து, கப்பல் நின்ற இடமெல்லாம் உப்புப் புல்வெளி ஆகிவிட்டது. கடற்சுவர் இருக்கிறது, வரிசையாகக் கறுப்பு வெள்ளை வீடுகள் இருக்கின்றன, கடல்தான் இல்லை. ஆனாலும் இந்தக் குளிரில் குடும்பம் குடும்பமாகச் சுவரில் சாய்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். சிறு பழுப்பு இறாலை மசாலா வெண்ணெயில் உறைய வைத்து விற்கிறார்கள். சூடான ரொட்டியில் தடவி உண்டபோது ஜாதிக்காய் மணந்தது.

தொலைநோக்கியோடு நின்ற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் கையிலிருந்த அச்சிட்ட ஓத அட்டவணையைக் காட்டினார். ஆண்டில் சில நாட்களில் மட்டும் பேரோதம் இந்தச் சுவர் வரை வரும். எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே போட்டிருக்கிறது. அன்று புல்லுக்குள் வாழும் எலிகளெல்லாம் கரைக்கு ஓடிவரும். பூனைப்பருந்துகளும் ஆந்தைகளும் காத்திருந்து தூக்கிப் போகும். அதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடுகிறது. "பாவம், அதுகளுக்கு அட்டவணை தெரியாது" என்றார் அந்த அம்மா.

அட்டவணை தெரிந்த உயிர் மனிதன் மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டே அந்தப் புல்வெளியைப் பார்த்தேன். ஊர் நினைவு வந்தது. எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இந்தக் கதையின் உறவு ஒன்று உண்டு. தெருக்கூத்தில் விடியவிடிய 'அரவான் களப்பலி' பார்த்து வளர்ந்தவன் நான். பாண்டவர் வெல்ல வேண்டுமானால் முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவன் பலியாக வேண்டும். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவான் ஒப்புக்கொள்கிறான். சாவதற்கு முன் ஒரு திருமணம் கேட்கிறான். வெட்டுண்ட பிறகும் அவன் தலை போரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூவாகத்தில் சித்திரைதோறும் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுகிறார்கள். நாள் குறிக்கப்பட்ட எங்கள் பிள்ளைக்கு மணமாலை உண்டு, ஒப்பாரி உண்டு, ஊரே துணை உண்டு. கவெய்னுக்கோ குதிரை கிரிங்கோலெட்டைத் தவிர யாருமில்லை. அவன் கேடயத்தின் உட்புறத்தில் மாதாவின் படம் தீட்டியிருந்தது. சண்டையில் அதைப் பார்த்துத்தான் தெம்பு கொள்வானாம்.

லீக்: விருந்து வீடு

கிழக்கே போகப் போக நிலம் எழும்புகிறது. வேலிச்செடிகள் மறைந்து, சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்கள் மலைச்சரிவெங்கும் ஓடுகின்றன. ஸ்டாஃபோர்டுஷையரின் லீக், பட்டு நெசவால் வளர்ந்த ஊர். செங்கல்லால் கட்டிய ஆலைகள் இன்னும் தெருக்களுக்கு மேலே தலைநீட்டுகின்றன. இந்த எல்லைப்புறத்தின் பேச்சில்தான் கவிதை எழுதப்பட்டிருக்கிறது என்பது மொழியறிஞர்கள் கண்டது. கவிஞரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. லண்டனில் கவிஞர் சாசர் எழுதிக்கொண்டிருந்த அதே காலம், ஆனால் வேறு ஆங்கிலம். உலகத்தில் இதற்கு இருப்பது ஒரே கையெழுத்துப் பிரதி. 1731இல் காட்டன் நூலகம் தீப்பற்றியபோது பல ஏடுகள் கருகின. இந்தச் சிறு ஏடு பிழைத்து இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

ஆண்டின் கடைசிக் காலை. ஓட்கேக் கடையில் வரிசை தெருவரை நின்றது. ஓட்ஸ் மாவையும் கோதுமை மாவையும் ஈஸ்ட்டோடு கரைத்துப் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் வட்டமாக ஊற்றிச் சுடுகிறார்கள். நம்மூர்க் கல்தோசையேதான், நிறம் மட்டும் பழுப்பு. உள்ளே சீஸும் பன்றி இறைச்சியும் வைத்து மடிக்கிறார்கள். ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ஒன்று போதாது மகனே, மலைக்குத்தானே போகிறாய்?" என்று சொல்லி, நான் கேட்காமலே இன்னொன்று வைத்தார். அவர் அம்மாவும் இதே தெருவில் இதே வேலை செய்தவராம்.

கவெய்னுக்கும் கடைசி நாட்களில் இப்படி ஒரு வீடு கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், தங்க இடம் வேண்டி அவன் வழிபட, காட்டுக்குள் கோட்டை ஒன்று தெரிகிறது. பெர்ட்டிலாக் என்ற பிரபு வரவேற்கிறார். நீ தேடும் சிற்றாலயம் பக்கத்தில்தான், புத்தாண்டு வரை ஓய்வெடு என்கிறார். அவர் வேட்டைக்குப் போவார், இவன் வீட்டில் இருப்பான். மாலையில் இருவரும் அன்று கிடைத்ததை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு விளையாட்டு. மூன்று நாள் மான், காட்டுப்பன்றி, நரி என்று அவர் கொண்டுவருகிறார். அவர் மனைவி தினமும் கவெய்னின் படுக்கையருகே வந்து அவனை மயக்கப் பார்க்கிறாள். அவள் தந்த முத்தங்களை, முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று அவன் பிரபுவிடம் ஒப்படைத்துவிடுகிறான்.

ஒன்றை மட்டும் மறைக்கிறான். மூன்றாம் நாள் அவள் தந்த பச்சை இடைக்கச்சை. அதைக் கட்டியவனை யாராலும் கொல்ல முடியாது என்கிறாள். விடிந்தால் தலை போகும். பொன் மோதிரத்தை வேண்டாமென்று மறுத்தவன் இதை வாங்கி ஒளித்துக்கொள்கிறான். அந்த நாட்களில் அவன் சிரிக்கிறான், குடிக்கிறான், நல்ல உடை உடுத்துகிறான். இரவில் கெட்ட கனவில் புரள்கிறான். லிவர்பூல் சிஸ்டர் சொன்னது அப்படியே இங்கே இருக்கிறது.

லட்ஸ் சர்ச்: புத்தாண்டுக் காலை

டேன் நதிக்கரையில் உள்ள கிராட்பேக்கிலிருந்து மேலே ஏறும் காட்டுப்பாதை வேர்களும் சேறுமாக இருந்தது. வழியில் ஆட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த விவசாயி, உள்ளே படிகளில் பாசி வழுக்கும், பாறையைப் பிடித்து இறங்கு என்று சொல்லி அனுப்பினார். தென்மேற்கே மரங்களுக்கு அப்பால் ஸ்விதம்லி நிலங்கள். பெர்ட்டிலாக்கின் கோட்டை அங்கே இருந்திருக்கும் என்றும், இங்குள்ள லட்ஸ் சர்ச்தான் பச்சைச் சிற்றாலயம் என்றும் ரால்ஃப் எலியட் என்ற அறிஞர் 1958இல் வாதிட்டார்.

கவெய்னோடும் ஒரு வழிகாட்டி வந்தான். சிற்றாலயம் நெருங்கியதும் அவன் கெஞ்சினான்: அங்கே போனவர் யாரும் பிழைத்ததில்லை, வேறு வழியாகப் போய்விடுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பார்க்க ஆளில்லாத காடு. தப்பினால் உலகத்துக்குத் தெரியாது. கவெய்ன் நன்றி சொல்லிவிட்டுக் குதிரையைச் சரிவில் இறக்கினான். கவிதையில் எனக்கு மிகப் பெரிய இடம் இதுதான்.

காட்டுக்குள் பாறை சட்டென்று பிளந்து வழி விடுகிறது. மணற்பாறை அடுக்கு, அடியிலிருந்த மென்களிப்பாறை நெகிழ்ந்ததால் சரிந்து பிளவுபட்ட இடம். ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம், பதினெட்டு மீட்டர் வரை ஆழம். சில இடங்களில் இரு கையையும் நீட்டினால் இருபுறச் சுவரையும் தொடலாம். பாசியும் பெரணியும் ஈரல்செடியும் தரையிலிருந்து விளிம்புவரை சுவரை மூடியிருக்கின்றன. நடுக்குளிர்காலத்தில் வெளியே காடு முழுக்கப் பழுப்பாக நிற்க, இங்கே மட்டும் எல்லாம் பச்சை. விக்லிஃப் என்பவரின் மதச் சீர்திருத்தக் கருத்துகளைப் பின்பற்றிய லாலர்டுகள் இங்கே ஒளிந்து வழிபட்டார்கள் என்பது ஊர்மரபு.

கவிதையில் வரும் புல்மேடு இங்கே இல்லை. ஓடையும் கீழே தள்ளித்தான் ஓடுகிறது. அதனால் தென்கிழக்கே வெட்டன் மில் பக்கத்துக் குகையைச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அடியில் நின்று மேலே பார்த்தபோது, ஒருவன் தன் கழுத்தை நீட்ட வேண்டிய இடம் எப்படி இருக்கும் என்பது எனக்கு உடம்பால் புரிந்தது. வானம் ஒரு கோடாகக் குறுகிவிடுகிறது. சுவரில் நீர் சொட்டுகிறது. பின்னால் வழியும் முன்னால் வழியும் வளைவில் மறைந்துவிடுகின்றன.

கவெய்ன் குனிகிறான். கோடரி இறங்கும்போது தோள் சற்றே ஒடுங்குகிறது. பச்சை வீரன் நிறுத்திப் பழிக்கிறான். இரண்டாம் முறை அவன் அசையவில்லை; இப்போதும் கோடரி பாதியில் நிற்கிறது. மூன்றாம் முறை கழுத்தில் ஒரு கீறல் மட்டும். ரத்தம் பனியில் தெறிக்கிறது. துள்ளி எழுந்து வாளை உருவுகிறான்; பிறந்த நாள் முதல் இப்படி ஒரு மகிழ்ச்சியை அவன் அறிந்ததில்லை என்கிறார் கவிஞர். பச்சை வீரன் உண்மையை உடைக்கிறான்: பெர்ட்டிலாக் நான்தான். முதலிரு நாள் நீ நேர்மையாக இருந்தாய், அதற்கு முதலிரு வீச்சு. மூன்றாம் நாள் கச்சையை மறைத்தாய், அதற்கு இந்தக் கீறல். ஆனால் நீ மறைத்தது பொருளாசையால் அல்ல, உயிர் மேல் உள்ள ஆசையால். அதனால் உன்மேல் எனக்குப் பெரிய குறையில்லை.

மூன்று எல்லைப் பாலம்

கிராட்பேக்கிலிருந்து நதியோரமாக மேலே நடந்தால், செஷையர், டர்பிஷையர், ஸ்டாஃபோர்டுஷையர் மூன்றும் சந்திக்கும் இடத்தில் பொதிகுதிரைகள் கடந்த பழைய கல்பாலம் இருக்கிறது. அடியில் அருவி இறங்குகிறது. புத்தாண்டு முதல் நாள் நடைக்கு வருவது இந்நாட்டு வழக்கம். தாத்தா பாட்டி, சேற்றுக் காலணியோடு பிள்ளைகள், நனைந்த நாய்கள் என்று பாலம் நிறைந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எனக்கு வாழ்த்துச் சொல்லி, குடுவையிலிருந்து சூடான சூப்பை ஊற்றித் தந்தார்கள்.

கவெய்னுக்குத் திரும்பும் வழி எளிதாக இல்லை. கச்சையைத் தன் குற்றத்தின் அடையாளமாகத் தோளில் குறுக்கே கட்டிக்கொண்டு அவைக்கு வருகிறான். கழுத்துத் தழும்பைக் காட்டி எல்லோர் முன்னாலும் வெட்கத்தோடு சொல்கிறான். அவையோ அன்போடு சிரித்து, இனி நாங்கள் எல்லோரும் இதே பச்சைக் கச்சையைக் கட்டுவோம் என்று முடிவெடுக்கிறது.

அவன் பக்கம் நியாயமா, அவை பக்கம் நியாயமா என்று அந்தப் பாலத்தில் நின்று யோசித்தேன். இரண்டும் வேண்டும் என்றே தோன்றுகிறது. சொன்ன சொல்லில் ஒரு மயிரிழை தவறியதற்கும் கூசுகிற மனம் அவனுக்கு இருந்ததால்தான், ஆளில்லாத காட்டில் வழிகாட்டி காட்டிய தப்பும் வழியை விட்டுவிட்டு அவனால் சரிவில் இறங்க முடிந்தது. உயிரை நேசிப்பதில் வெட்கமில்லை என்று சொல்லும் அவை இருப்பதால்தான் அப்படிப்பட்டவன் திரும்பி வந்து வாழ முடிகிறது. சாவுக்கு அஞ்சாதவன் கழுத்தை நீட்டுவதில் வியக்க என்ன இருக்கிறது? வாழ அவ்வளவு ஆசைப்பட்டவன், தோள் ஒடுங்கியவன், கச்சையை ஒளித்தவன், குறித்த நாளில் குறித்த இடத்துக்கு வந்து நின்றான். நாள் தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமான நம் எல்லோருக்கும் அவன் உறவினன் ஆனது அதனால்தான்.